கலம் ஏழு: பெயர்

உத்திராபதி படம் அனுப்பியிருக்கிறான்,
ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் நின்று எடுத்தது.
வெள்ளை, வெள்ளை, அதற்கப்பால் வெள்ளை.
நடுவில் கறுப்பாக ஒரு முனை.
"இதுக்குப் பேர் இல்லையாம். மேப்புல
உயரம் மட்டுந்தான் போட்டிருக்கு.
சும்மா நாங்க கூப்பிட ஒண்ணு சொல்லேன்."

திருத்துறைப்பூண்டி நில அளவைப் பிரிவில்
மின்விசிறி மூன்றில் ஓடுகிறது.
மேசையில் புலப்படச் சுவடி, ஆடை படிந்த டீ.
மலைக்குப் பேர் என்னிடம் கேட்கிறான்.
இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க இருப்பது
பஸ் நிலையத்துச் செல்போன் கோபுரம்.
ஓரங்குல வாட்டத்துக்கு
அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற மண் இது.

"உன் பேரையே வைக்கட்டுமா?"
வேண்டாம்.
கப்பலுக்குக் காசு கொடுத்தவன் பேரும்
ராணி பேரும், கப்பல் நாய் பேரும்
அங்கே முன்னமே விறைத்து நிற்கின்றன.
அபயாம்பாளுக்கு மார்கழிப் பனியே ஆகாது.

படத்தை விரலால் பெரிதாக்கினேன்.
முனை இல்லையாம், முழு மலையாம்.
கழுத்துவரை பனியில் நிற்கிறதாம்.
சரிவு, பள்ளத்தாக்கு, அடிவாரம் எல்லாம்
ஒரு மைல் ஆழத்தில்.
மேலே தெரிவது, மூழ்காமல் மிஞ்சியது.

மூழ்காமல் மிஞ்சியதா?
சுவடியைப் புரட்டினேன்.
புல எண் இருநூற்றுப் பதினாலு, உட்பிரிவு மூன்று.
வகை: புறம்போக்கு. பரப்பு: பதினொரு ஏர்ஸ்.
கலம் ஏழு, பெயர்: ஒரு சிறு கோடு.

முள்ளியாறு உடைத்துக்கொண்ட ஐப்பசியில்
நாலு நாள் நாங்கள் நின்ற இடம்.
நாலடி உயரம்.
பழுப்பு, பழுப்பு, அதற்கப்பால் பழுப்பு.
ஒன்பது குடும்பம், பதினேழு ஆடு,
யாருடையதென்று தெரியாத ஒரு மொபெட்,
கடிக்க மறந்த ஒரு பாம்பு.
இரண்டாம் இரவு செண்பகவல்லிக்குப் பிள்ளை பிறந்தது.
படகைப் பார்த்து நாங்கள்
இருநூற்றுப் பதினாலு என்றா கத்தினோம்?
"ஆமைத்திடல்! ஆமைத்திடல்!"

அனுப்பினேன்.
"திடலா? அஞ்சாயிரத்து அறுநூறு அடி இருக்கு இது!"
வெளியே தெரியிறது எவ்வளவு?
"முந்நூறு."
அப்போ திடல்தான்.

அத்தோடு சிக்னல் போய்விட்டது அவனுக்கு.
சிரித்தானா என்று தெரியாது.

பென்சிலைச் சீவி
கலம் ஏழில் இருந்த கோட்டை அழித்தேன்.
தாசில்தார் பார்த்தால் கேட்பார்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்
பட்டா மாற்ற வந்தவர்
இன்னும் எவ்வளவு நேரமாகும் என்கிறார்.
மூணு எழுத்து என்றேன்.