கையெழுத்து ஒத்துவரவில்லை

மூன்றாவது சீட்டையும் கண்ணாடிக்கு அடியில்
திருப்பித் தள்ளுகிறார் கேஷியர்.
"ஒத்துவரல்லியே. பழையபடி போடும்."

அப்பா பேனாவை வேட்டியில் துடைக்கிறார்,
பால்வெட்டும் கத்தியைத் துடைப்பதுபோல.
நாலு மணி இருட்டில் நெற்றி விளக்கோடு
பட்டையை மட்டும் கீறி, தடியைத் தொடாமல்
முந்நூறு மரம் தாண்டுகிற கை
இங்கே ஃபேனுக்குக் கீழே நடுங்குகிறது.
நகக்கண்ணில் கறுத்த நூலாய் ஒட்டுப்பால்.

குலசேகரம் கூட்டுறவு வங்கி.
எடுக்க வேண்டியது நாலாயிரம்,
என் டியூஷனுக்கு.
கணக்கில் நான் மோசம் என்று
யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.
எவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை.

எனக்குத் தெரியும் அந்தக் கையெழுத்து.
ஞானசிகாமணி.
ஞ-வின் வால் கீழே இறங்கி உள்ளே சுருளும்.
'ணி'யில் மேலே போன கோடு
திரும்பி வந்து பெயருக்கு அடியில் ஓடும்,
கடைசியில் ரெண்டு புள்ளி.

மிட்டேர்ம், காலாண்டு, யூனிட் டெஸ்ட் ரெண்டு, அரையாண்டு.
கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தி
அட்லசை மடியில் வைத்துப் போட்டேன்.
முதல் தடவை விரல் வியர்த்து மை பரவியது.
ஐந்தாம் தடவை,
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
இந்த வருஷம் நான் திருத்தமாகச் செய்த
ஒரே காரியம்.

ரேங்க் ஒட்டுகிற நாளில் வயிறு வலிக்கும்.
ஆஞ்சலின் டீச்சர் திட்டமாட்டார்.
மார்க் தெரியாதபடி தாளை உள்பக்கமாய் மடித்து
என் கையில் மட்டும் தருவார்.
மற்றவர்களுக்கு மடிப்பதில்லை.
அந்த மடிப்பைத்தான் ராத்திரி முழுக்க
நகத்தால் நீவிக்கொண்டிருப்பேன்.

பின்னால் வரிசை நீள்கிறது.
யாரோ செருமுகிறார்.
"இன்னொரு நாளு வாரும்."
அப்பா சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நிற்கையில்
என் முகத்தில் வருவதும்
அதே சிரிப்பு.

"ஞ-வ இப்பிடி விடப்பிடாது அப்பா.
கீழ வந்து உள்ள திரும்பணும்.
பேனாவ எடுக்காம."

சொல்லி முடித்த பிறகுதான்
நான் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார்.
கேஷியர் ஸ்டாப்ளரில் பின் மாற்றிக்கொண்டிருந்தார்.
நாலாவது சீட்டை
என் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தி அப்பா சொன்னார்,
"வெரலால காட்டு மக்களே."

கவுண்டர் பலகையின் தூசியில் எழுதினேன்.
அவர் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்,
நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு,
அவருடைய பெயரை.

எட்டு ஐநூறு.

வெளியே வந்தால் பேச்சிப்பாறை பஸ் போய்விட்டிருந்தது.
சாயாக்கடையில் ரெண்டு பழம்பொரி வாங்கி
பெரியதை என்னிடம் நீட்டினார்.
"எத்தற தடவ?"
"அஞ்சு."
மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.
எதிரே ரப்பர் ஷீட் ஏற்றிய டெம்போ ஒன்று
பின்னால் வரவும் முடியாமல் முன்னால் போகவும் முடியாமல்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஞ கொஞ்சம் பாடாக்கும்," என்றார் கடைசியில்.
"எனக்கும் அதுலதான் பிசகும்."

வேறெதுவும் கேட்கவில்லை.
பையில் ஆறாவது இருந்தது,
திருப்புதல் தேர்வு, இருபத்திரண்டு,
மடித்தது மடித்தபடி.
எண்ணெய்க் கையைச் சுடிதாரில் துடைத்தேன்.
இன்னொரு தடவையும் துடைத்தேன்.
அடுத்த பஸ்ஸுக்கு
அரைமணி நேரம் கிடந்தது.