இரவல்

போனது செப்டம்பரில்.
திரும்பி வந்தது பிப்ரவரியில்,
செய்தித்தாளில் சுற்றி, என் கதவடியில்,
ஆளைக் காணோம்.
போன் போட்டுக் கேட்டால்,
"வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, டோர்போரி"
என்கிறான் இங்வே.

அப்படியா இருந்தது?
என் படகின் பதினோரு வருடப் பெயிண்டை
ஒரே கோடையில் உரித்துப்போட்ட ஊதுவிளக்கு.
ஹெர்னோசாண்ட் துறையில் அது உறுமினால்
நீர்க்காகங்கள் எழுந்து
அடுத்த கம்பத்துக்குப் போய் உட்காரும்.

சரி, பார்ப்போம்.
முதலில் காற்றுத் திருகைத் தளர்த்தினேன்.
ஒரு பெருமூச்சுகூட இல்லை.
பம்ப் சும்மா போய் வந்தது,
அவன் சமாதானம் மாதிரி,
உள்ளே எதுவும் தங்காமல்.

நாசில் துளையில் கரி.
மயிரிழைக் கம்பி மூன்று முறை வளைந்து
நான்காவதில் நுழைந்தது.
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்:
ஊசிமுனை அளவு பனிவெளிச்சம்.
வால்வின் தக்கை சுருங்கிப்போயிருந்தது.
ஒயின் புட்டி மூடியில் புதிது வெட்டினேன்.
(ஒயின் நன்றாக இல்லை.)

பிறகு பம்ப் தண்டை உருவினேன்.
கறுத்து, எண்ணெயில் ஊறிய
தோல் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில்
பழுப்பாக ஒன்று.
ஓரத்தில் நூல்தையல்.
பின்புறம் கொஞ்சம் ஆட்டுரோமம்.
நகக்கத்தரியால் வெட்டிய வட்டம்,
வட்டம் என்று மரியாதைக்குச் சொல்லலாம்.

கையுறை.

ஜனவரி முழுக்க, மைனஸ் பதினெட்டில்,
பேருந்து நிறுத்தத்தில்
இடது கையைப் பையிலேயே வைத்திருந்தான்.
வலது கையால் வணக்கம் சொன்னான்.
திமிர் என்று நினைத்து
நான் பதில் சொல்லவில்லை.

எல்லாம் செய்திருக்கிறான், மடையன்,
எண்ணெய் ஒன்றைத் தவிர.
ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன்.
காலையில் கட்டைவிரலால் பிசைந்து
விளிம்பைக் கிண்ணம்போல விரித்து
அதையே திரும்ப மாட்டினேன்.
புதிய வாஷர் ஒன்று
டிராயரில் இருக்கிறது. இருக்கட்டும்.

பத்து அடி பம்ப். பிடித்துக்கொண்டது.
இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன்.
மூடியருகே ஒரு குமிழி,
அரைத்திருகு இறுக்கினதும் அடங்கியது.
காற்றை விட்டுவிட்டு, முற்றத்தில்,
கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன்.
அது எரிந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும்.
நான் காத்திருக்கவில்லை.
மஞ்சளாகக் காறித் துப்பியது.
அணைத்தேன். ஆறவிட்டேன்.
மறுபடி ஸ்பிரிட். மறுபடி பம்ப்.

இம்முறை நீலம். உறுமல்.
எதிர்வீட்டு ஜன்னலில்
திரை ஒரு விரல் விலகியது.

மார்ச்சில் அவன் குழாய் உறையும், வருடாவருடம் உறைகிறது.
கேட்பான்.
கொடுப்பேன்,
கூடவே எண்ணெய்ச் சீசாவையும்.