வாடகைப் பாக்கி

ஜெலுத்தோங் வீட்டில் இருந்தவன்
மூன்று மாத வாடகைக்கு ஈடாக
நாலடித் தொட்டியை விட்டுப் போயிருந்தான்.
விளிம்பெல்லாம் உப்புப் பூத்து
கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி.
பம்பு எப்போது நின்றதோ.

கொட்டிவிடத்தான் வாளியோடு போனேன்.
பாறை இடுக்கிலிருந்து
கட்டைவிரல் நீளத்தில் ஒரு நீலம் வந்து
என் விரலைக் கடித்தது.

அன்றிலிருந்து, வேலை முடிந்து தினமும்
அந்தக் காலி வீட்டுக்குப் போகிறேன்.
ஐந்து நிமிட நடையில் கடல்.
அந்தத் தண்ணீர் ஆகாதாம், பாக்கெட் உப்புதான் கரைக்க வேண்டுமாம்.
சோதனைக் குழாய்
பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வர ஐந்து வாரம்.

புலாவ் தீக்குஸ் கடையில் மஞ்சள் டேங் கேட்டேன்.
"ஆறடித் தொட்டி இருக்கா?" என்றார் ஹமீது.
மாண்டரின்?
"பட்டினி கெடந்து செத்துப்போகும் லா."
கோமாளி மீன் ஒரு ஜோடி?
"மொதல்ல உள்ள யாரு இருக்கா, அதச் சொல்லுங்க."

சொன்னேன்.
கையிலிருந்த வலையை ஆணியில் மாட்டிவிட்டார்.
"டாம்சலா! இனிமே அது யாரையும் விடாது.
புடிச்சிக்கிட்டு வாங்க,
பத்து வெள்ளி கழிச்சிக்கிறேன்."

பிடிப்பதென்றால் பாறையெல்லாம் கலைக்கணும்.
மறுபடி ஐந்து வாரம்.

விளக்கைப் போட்டபோது
வாயால் மணலை அள்ளி அள்ளி
தன் வாசலுக்கு வெளியே துப்பிக்கொண்டிருந்தது.
'வீடு வாடகைக்கு' பலகை
சுவரில் சாத்தியபடியே இருக்கிறது.

ஒரே ஒரு நத்தை வாங்கி வந்திருந்தேன்.
இறக்கினேன்.
ஓட்டை இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டு
நீலம்
என் பக்கம் திரும்பியது.