இருமுனைப் பென்சில்

புரோக்கோப்பி கதவைத் திறந்தபோது
ஒரு மூட்டை வெண்புகையும் அவனோடு உள்ளே உருண்டது.
வெளியே மைனஸ் ஐம்பத்து நான்கு.
காலணியை உதறும் முன்பே கேட்டான்:
"எங்கே வார்வாரா, உன் புவி வெப்பம்?
கூப்பிடு, அதுவும் ஒரு வாய் தேநீர் குடிக்கட்டும்."

என் தங்கையின் கணவன்.
உறைந்த இந்திகிர்கா ஆற்றின்மேல் லாரி ஓட்டுபவன்.
இந்தச் சண்டைக்கென்றே குளிர்காலத்தில் ஒருமுறை
நாற்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருவான்.
நானோ மூன்று மணிக்கொரு தடவை
வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து
மூச்சை அடக்கி எண்ணைப் படிப்பவள்.
மூச்சுப் பட்டால் எண் பொய் சொல்லும்.

இந்தக் குளிரில் பாதரசம் கல்லாகிவிடும்.
சாராயம்தான் வேலை செய்யும். அதற்குள் ஒரு கறுப்பு ஊசி.
குளிர் அதைக் கீழே இழுத்துப் போகும்,
திரும்பும்போது அழைத்து வராது.
ஊசி கிடக்கும் இடம்தான்
இரவின் வாக்குமூலம்.

பதிவேடுகளை மேசைமேல் இறக்கினேன்.
எனக்கு முன்னிருந்த அஃபனாசியின் சாய்ந்த கையெழுத்து,
அவருக்கும் முன்னே யாரோ ஒருவரின் ஊதா மை.
ஐம்பத்து நான்கை விரலால் தேடினேன்.
இருந்தது, பக்கத்துக்குப் பக்கம்,
அடிக்கோடு இல்லாமல்.
ஓரிடத்தில் மட்டும் ஒரு குறிப்பு:
"காற்றில்லை. நாய் குட்டி போட்டது."
அவர்களுக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை.

அவன் விடவில்லை.
"முப்பத்தோராம் வருடத்து ஜூலையைப் பார்.
ஊரில் ஒரு லாரி கிடையாது அப்போது.
முப்பத்தாறு டிகிரி!"
இருந்தது. நான் மறைக்கவில்லை.
ஏரிக்கரையிலிருந்த நிலையத்தைப் பிற்பாடு
கொதிகலன் கூடத்துப் பக்கம் மாற்றினார்களே என்றான்.
அதுவும் மெய்தான்.
அந்தப் பக்கத்தில் நானே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
இந்த ஊர்க் குளிர்காலத்தில்
புதுக் கேரட் கிடைப்பது போல அபூர்வம்,
படித்துவிட்டு வந்து சண்டை போடும் ஆள்.

மீன்சாற்றை ஊற்றியபடி கேட்டேன்:
பனியில் துளையிட்டு உட்காருகிறாய்.
முதலில் வரும் சோபோ மீன்
எத்தனை சிறிதானாலும் அன்றைய சாதனை.
இரண்டாவது அதை வெல்லப் பாதி வாய்ப்பு.
பத்தாவதுக்குப் பத்தில் ஒன்று.
நூறாவது மீன் துள்ளும்போது
யாரும் அளவுகோலைத் தேடுவதில்லை.
ஏடு தடிக்கத் தடிக்க
சாதனை அருகிப்போக வேண்டும் இல்லையா?

"ஆமாம்" என்றான், முள்ளைத் துப்பிவிட்டு.
"கடைசிவரை அதே ஏரி என்றால்."

சொன்ன பிறகுதான்
தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

நான் அதைப் பிடித்து இழுக்கவில்லை.
மேசைமேல் கிடந்த பென்சிலை அவன் பக்கம் உருட்டினேன்.
ஒருமுனை சிவப்பு, மறுமுனை நீலம்.
வேலையில் சேர்ந்த அன்று கொடுத்தார்கள்.
ஒரு தேதியின் பழைய எண்ணை
வெப்பம் தாண்டினால் சிவப்புக் கோடு,
குளிர் தாண்டினால் நீலம்.
நடுவில் பொன்னெழுத்தில் தொழிற்சாலையின் பெயர் இருந்தது.
சிவப்பைச் சீவிச் சீவி
அதில் பாதியைத் தின்றிருக்கிறேன்.
நீலத்தைச் சீவியது ஐந்தாறு முறை இருக்கும்.

கட்டைவிரலை வைத்து இருபுறமும் அளந்தான்.
"இது ஆதாரமாகாது. நீ அழுத்தி எழுதுபவள்."
"நீலத்தை அழுத்தியதும் இதே கைதான்."

அப்புறம் என் தங்கையின் பல்வலி பற்றிப் பேசினோம்.
டீசல் விலை பற்றி.
அணைக்காமல் விட்டுவந்த அவன் எஞ்சின்
வெளியே எங்களுக்காக இருமிக்கொண்டிருந்தது.

தொப்பியின் காதுகளை இறக்கிக் கட்டும்போது
என்னைப் பாராமல் கேட்டான்:
"ஆற்றுப் பாதை இந்த வருடம் எதுவரை தாங்கும்?
ஏட்டில் ஏதாவது..."
சென்ற வசந்தத்தில், பாதை மூட ஒன்பது நாள் இருக்கையில்,
அவன் கூட்டாளி ஸ்தெப்பானின் லாரி உள்ளே போனது.
ஸ்தெப்பான் ஏறி வந்துவிட்டான். லாரி வரவில்லை.

"ஏடு நடந்ததை மட்டும்தான் சொல்லும்" என்றேன்.

ஒன்பது மணி.
பெட்டியைத் திறந்து மூச்சை அடக்கினேன்.
ஐம்பத்து மூன்று புள்ளி ஆறு.
கறுப்பு மையில் எழுதினேன்.
பென்சில் தேவைப்படவில்லை.