நீலம் வராத தாள்

கந்தப்பளையில் பகல் பதினொரு மணிக்கும்
பன்னிரண்டு பாகைதான்.
பேராதனையில் மெழுகுக் கோடு இழுத்து,
அடுப்பில் இரண்டு நிமிடம் வாட்டி,
பிஸ்கட் டின்னில் அடுக்கி வந்தேன்
நூற்றுப் பத்துத் தாள்கள்.
ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
நடுவில் மிளகளவு வட்டம்.

மேலே லீக்ஸ் பாத்தி. கீழே லயம்.
நடுவில் பீலி.
தண்ணீர் யாரிடமும் வழி கேட்பதில்லை,
சரிவு சொன்னபடி வருகிறது.

ஒரு தாளைப் போத்தல் தண்ணீரில் தொட்டேன்,
ஒன்றைப் பீலியில்.
கால் மணி நேரம் என்றதும்
வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

கால் மணி போயிற்று.
இரண்டும் வெள்ளை.
"ஒண்ணுமே வரல்லியே, அப்ப நல்ல தண்ணிதானே?"
பாக்கியசீலி எழும்பியேவிட்டாள்.

இல்லை அக்கா,
இது தலைகீழ்க் கணக்கு.
நல்ல தண்ணீருக்குத்தான் நீலம் வரும்.
நஞ்சு இருந்தால் தாள் பேசாது.

குளிருக்கும் பேசாது என்பதுதான் சிக்கல்.
ஆய்வுகூடச் சூட்டில் பழகிய நொதி
இங்கே வந்து கம்பளி கேட்கிறது.
கையேட்டில் இதற்கு ஒரு வரியும் இல்லை.
இரண்டு தாளையும் பொலித்தீன் உறையில் இட்டு
ஸ்வெட்டருக்குள் விலாவோடு அணைத்துக்கொண்டேன்,
இடப்பக்கம் போத்தல், வலப்பக்கம் பீலி,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
யாரோ சிரித்தார்கள்.

வாடை முன்னால் வந்தது,
பிறகு மருதை, முதுகில் டாங்கியோடு.
"நேத்து அடிச்சது நான்தான்.
மழை வரும்னு எனக்கும் தெரியும்,
மொதலாளிக்கும் தெரியும்.
டாங்கிக்கு இவ்வளவுன்னு கூலி."
கேட்காமலே சொன்னார்.

வெளியே எடுத்தேன்.
இடப்பக்கத் தாளில்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற
சொட்டு நீலம்.
வலப்பக்கத் தாள்
கொண்டுவந்தபடியே.

யாரும் எழும்பவில்லை.
"தாள்ல என்னத்தத் தடவியிருக்கீங்க?"
நம் எல்லார் நரம்பிலும் இருக்கிற ஒன்றைத்தான் அண்ணே,
மருந்து அதைத்தான் பிடித்து நிறுத்தும் என்று
பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரிச் சொல்லிவிட்டு
யாரிடம் சொன்னேன் என்று பிறகு பார்த்தேன்.

"அப்ப பத்தொம்பது வருசமா
என்னையும்தான் முக்கி முக்கிப் பாக்குறாங்க."
விரல்களை விரித்துக் காட்டினார்.
நடுங்கின.
குளிராகவும் இருக்கலாம்.

படிவத்தில் 'நிறம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன். கோடு
வெறுமையாக விட்டதுபோல் தெரிந்தது,
அடித்து 'இல்லை' என்று எழுதினேன்.

பாக்கியசீலி வாளியை நிமிர்த்தினாள்.
பீலிக்குக் கீழே வைக்கவுமில்லை,
வீட்டுக்கு எடுத்துப் போகவுமில்லை.
பீலி விழுந்துகொண்டே இருந்தது.

என் போத்தலில் மீதி
அரை லீற்றர்.
லயத்தில்
இருபத்திரண்டு காம்பரா.