அஞ்சு நாள்

ஜூலை கடைசிக்குள்ள அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணுமே
என்றார் கோவிந்தராசு வாத்தியார்.
முடிய அஞ்சு நாள் குறைந்தது.
அஞ்சு நாளுக்காக ஒரு வருஷம் ஆடு மேய்ப்பாளா பிள்ளை?
அவர் பேனாவைத் திறந்தார், நான் தலையாட்டினேன்.
மே இருபத்தேழு என்று விழுந்தது.
வேடியம்மாள் என்று நான் சொன்னதை
வேதவல்லி என்று அவரே எழுதிக்கொண்டார்.
அரைக்கூடை தக்காளி கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தேதியை நாங்கள் யாரும் தொடவில்லை.
வீட்டுக் கணக்கில் அவள் பிறந்தது
ஆடிப் பதினெட்டிலிருந்து மூணாம் நாள்.
அன்றைக்கு மாதம்மா கச்சாயம் சுடுவாள்.
மே இருபத்தேழில் எங்கள் அடுப்பில்
ஒரு வருஷமும் எண்ணெய் காய்ந்ததில்லை.

இந்த வருஷம் மே இருபத்தெட்டு, விடிவதற்குள்
ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.
தேதி பார்த்துத்தான் ஏறியிருக்கிறாள்.
தையல் மிஷின் மேல் ஒரு தாள்:
தேடாதீங்க. ஞானஸ்நானம் எடுத்துட்டேன்.
இப்ப என் பேர் கெசியா.

பதினெட்டு முடிஞ்சு பதினாறு நாள் ஆச்சு, மேஜர்
என்றார் பாலக்கோட்டு வக்கீல்.
அது பொய்ங்க என்றேன்.
யார் சொன்ன பொய்?
நான் சொன்னதுதான்.
அதை எழுதிக் கொடுங்க என்று
வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

தடுப்பூசி அட்டை டிரங்குப் பெட்டியில் கிடைத்தது.
நர்சம்மாவின் கோழிக்கிறுக்கல்.
ஐந்து இருக்கிறது, வருஷம் இருக்கிறது,
மாதம் இருந்த இடத்தை எலி தின்றிருந்தது.

தருமபுரியில் விசாரணை.
அந்தப் பக்கம் சபையிலிருந்து இரண்டு பெண்கள்,
மடியில் பைபிள்.
இந்தப் பக்கம் துண்டு போட்ட நாலு பேர்,
யார் சொல்லி வந்தார்களோ, என் மகள் பேரை
என்னிடமே கேட்டவர்கள்.
மூன்றில் எதைச் சொல்வது என்று நின்றேன்.

எப்பம்மா பொறந்த நீ, என்று கேட்டார் அந்தம்மா.
அவள் என்னைப் பார்க்கவில்லை. மாதம்மாவைப் பார்த்தாள்.
உதடு அசைந்தது.
ஜெபமோ, நாள் எண்ணினாளோ.
ஸ்கூல்ல மே இருபத்தேழுன்னு இருக்குங்க.
ஆனா நான் பொறந்தது ஆடியில.
அம்மா கச்சாயம் சுடுவாங்க.

சபைப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.
அட்டை என் சட்டைப்பையிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போறியா?
மாட்டேன்.
சாமி கும்பிடச் சொல்ல மாட்டாங்க, போறியா?
சொல்லுவாங்க, என்றாள்.
அதுவும் பொய்யில்லை.

ஐம்பத்து நாலு நாள் காப்பகத்தில் என்று எழுதினார்கள்.
எங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.
ஜெயிச்சிட்டோம்ணா என்று துண்டுக்காரர்கள்
என் காசில் டீ குடித்தார்கள்.

பஸ் ஏறும்போது பொய்த் தேதியை நம்பிப் போனவள்
வாய்விட்டுக் கேட்டதும் ஏன் சொல்ல முடியாமல் நின்றாள்?
அந்தச் சாமி கற்றுக்கொடுத்ததா,
மாதம்மாவின் அடுப்பா, தெரியவில்லை.
என்னிடமிருந்து வந்ததில்லை.
அது மட்டும் நிச்சயம்.

வேன் கதவை அடைக்கும்போது
மாதம்மா ஓடிப்போய் வார்டனைக் கேட்டாள்:
ஆடியில மூணாம் நாள் பலகாரம் கொண்டாந்தா
உள்ள விடுவீங்களாம்மா?
அன்னிக்கு அவ உள்ள இருக்க மாட்டாளே,
வெளிய போயிருவாளே.

சரிங்க, என்றாள் மாதம்மா.
வாசல்ல நிக்கறேன்.