பதினேழாம் எண் வீடு

பதினோராம் தேதி ஆர்டர் போட்டேன்.
மின்னும் சப்பாத்து, ஒரு ஜோடி, முப்பத்தொன்றாம் அளவு.
நடந்தால் குதிகாலில் நீலமும் சிவப்புமாய் எரியுமாம்.
எழுபத்திரண்டு வெள்ளி.
அனுப்புகைக்குக் காசில்லை என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள்.
காசில்லை என்றால் காலமும் இல்லை என்பதை
எந்த எழுத்திலும் போடவில்லை.

மூன்று நாள் கிள்ளானில் கிடந்தது.
நான்காம் நாளும் கிள்ளான்.
ஐந்தாம் நாள் ஏனோ ஈப்போவுக்குப் போனது.
லாபிஸ் தெற்கே இருக்கிறது ஐயா
என்று கைப்பேசியிடம் சொன்னேன்.
ஆலைச் சோதனைக்கூடத்தில்
ஒரு கையால் எண்ணெய்க் குடுவையை ஆட்டிக்கொண்டே
மறுகைக் கட்டைவிரலால் திரையை இழுத்து இழுத்து விட்டேன்,
கிணற்றில் வாளி விட்டவள் போல.
ஒவ்வொரு தடவையும் காலி வாளி.
"ஆசிட் எத்தனை பர்சன்ட்?" என்றார் சூப்பர்வைசர்.
"ஈப்போ" என்றேன்.

தீபாவளிக்கு மூன்று நாள்.
தாமானுக்குள் எந்த மோட்டார் நுழைந்தாலும்
அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.
கேஸ்காரர். ரொட்டிக்காரர்.
வட்டிக்காரர், நல்லவேளை, பக்கத்து வீட்டுக்கு.
நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு
என்னையே பார்க்கத் தொடங்கியது.
மாறன் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம்.
பழைய சப்பாத்து வாய் பிளந்த இடத்தைப்
பசை போட்டு ஒட்டி வெயிலில் வைத்தான்.
மழை வந்தது.

முந்தின நாள் மாலை ஐந்து பத்துக்கு
"ஒப்படைக்கப்பட்டது" என்றது திரை.
கீழே ஒரு படம்:
நீலக் கேட்டு. உடைந்த ஓடு பதித்த படி.
சேறு காயாத ரப்பர் பூட்ஸ்.
அதன் பக்கத்தில் என் பொட்டலம்.

என் வீட்டுக் கேட்டு பச்சை.

பையனுக்கு அடித்தேன். "சுடா ஹந்தார், காக்."
கொடுத்தாயிற்றாம். வைத்துவிட்டான்.

இந்த ஊரில் எத்தனை பதினேழு?
தாமான் செரோஜா ஒன்று, இரண்டு,
தோட்டம் கைமாறியபோது கட்டிய மலிவு வீடுகள் வேறு,
எல்லாம் ஒரே அச்சில் முக்கிப் பொரித்தவை.
கம்பியின் துரு தெரியும்வரை படத்தை விரித்துப் பார்த்துக்கொண்டு
பழ லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி
மோட்டாரில் தெருத்தெருவாய்ப் போனேன்.

பூட்ஸைத்தான் முதலில் கண்டேன்.

சன்னாசி என்று பெயர். செம்பனை லோரி ஓட்டுகிறவர்.
உள்ளே வரச் சொன்னார்.
சாமி மேடையில்
முருகனுக்கும் அவர் மனைவி படத்துக்கும் நடுவில்
பொட்டலம், பிரிக்காமல்.
நாலு மூலையிலும் மஞ்சள். குங்குமம்.
பார்கோடு மேல் ஒரு முழம் கதம்பம்.
"வாணி அனுப்பியிருக்கு, சிங்கப்பூர்லேருந்து.
மூணு வருஷமா வரல.
இந்தத் தடவ ஏதாச்சும் அனுப்புறேன்னு சொல்லிச்சு.
காலையில எண்ணெ தேச்சிக் குளிச்சிட்டுப் பிரிக்கலாம்னு."

நான் சொல்ல வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது.
அதற்கு ஒரு குவளைத் தேநீர் முழுவதும் ஆனது.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
லேபிளில் என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.
சிரித்தார்.
குங்குமத்தைத் துடைக்கப் போனவர்
"இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.
கூடவே ஒரு டப்பா நெய்யுருண்டை.

சப்பாத்து ஓரளவு சிறிசு.
விரல்களை மடக்கிக்கொண்டு "சரியா இருக்கும்மா" என்றான் மாறன்.
கூடத்துக்கும் குசினிக்குமாய் இருபது தடவை நடந்தான்.
விளக்கை அணைக்கச் சொன்னான்.
நீலம். சிவப்பு. நீலம்.

பதினொரு மணிக்கு மேல் ஒரு மோட்டார்
கடைத்தெருவைத் தாண்டி
இரண்டாம் தாமான் பக்கம் திரும்பும் சத்தம்.
எனக்கு வர வேண்டியது இனி ஒன்றுமில்லை.
மாவு ஒட்டிய கையோடு
ஜன்னலண்டை போய் நின்றேன்,
நிற்கிறதா என்று.